நார்மனின் பெஞ்சு

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்கள் அக்கா. எனக்கு வெளியே பார்க்க ஒன்றுமில்லை. அதே புல், அதே ஆடு. நீங்கள் டப்பாவைத் திறந்ததும் புளியோதரை வாசனை வந்தது, அதனால்தான் தமிழா என்று கேட்டேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வேண்டாம், நான் சாப்பிட்டுவிட்டேன். சரி, ஒரு வாய். ஒரு வாய் போதும்.

லண்டன் போக இன்னும் நாலு மணி நேரம் இருக்கிறது, அங்கே நான் பஸ் மாறி பிரிஸ்டல் போகிறேன். தூங்கலாம் என்றுதான் ஏறினேன். தூக்கம் வரவில்லை. உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது, நான் யாரென்று உங்களுக்குத் தெரியாது. அது நல்லதுதான். தெரிந்தவர்கள் என் பக்கமே பேசுவார்கள். பவானி அக்காவைத் தவிர. அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கேள்வி இதுதான். ஒருவரிடம் உண்மையைச் சொல்கிறோம். அதற்காக அவர் நம்மைப் பார்க்க வருவதையே நிறுத்திவிடலாமா?

அவசரமில்லை. முழுவதும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

என் பெயர் செண்பகவல்லி. கோவில்பட்டி. இங்கே யாருக்கும் வாயில் நுழையாமல் செண்பா ஆகி, கடைசியில் ஷென் என்று நின்றுவிட்டது. அப்பா அம்மா இரண்டு பேருக்கும் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிற வேலை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அதனால் எனக்கு எதிலும் ஒரு பயம் உண்டு. ஒரு விண்ணப்பம் நிரப்பினால் நாலு தடவை படித்துப் பார்ப்பேன். பொய் சொல்லமாட்டேன். பொய் சொன்னால் அதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும், அதற்குத் தெம்பில்லை.

புள்ளியியல் முதுகலை படிக்க இங்கே வந்தேன். படித்து முடித்தேன். அதற்கான வேலை கிடைக்கும்வரை லீட்ஸ் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் சலவை ஆலையில் சேர்ந்தேன். ஓட்டல் படுக்கை விரிப்புகள். துவைப்பதை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். துவைத்து வந்த ஈர விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்து உதறி, சூடான பெரிய உருளைக்குள் நேராக விட வேண்டும். கோணினால் திரும்ப எடுக்க வேண்டும். காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை. ஒரு முனையில் நான். மறுமுனையில் பவானி அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வருடமாக இங்கே இருக்கிறார். முதல் நாளே என்னைப் பார்த்து, "படிச்ச பிள்ளை, ஆனா மூலையைப் பிடிக்கத் தெரியேல்லை" என்றார். அது உண்மைதான். அவர் சொல்கிறதெல்லாம் உண்மையாகத்தான் இருக்கும், அதுதான் அவரிடம் உள்ள தொந்தரவு.

பதினோரு மணிக்கு இருபத்தைந்து நிமிடம் இடைவேளை. உள்ளே இருந்தால் ஆவியில் மூச்சு முட்டும். அதனால் பின்கதவு வழியாக வெளியே போய்விடுவேன். பின்னால் ஒரு கால்வாய். அந்தக் காலத்தில் நிலக்கரி போன கால்வாயாம், இப்போது எப்போதாவது ஒரு படகுவீடு போகும், நாம் நடக்கிற வேகத்தைவிட மெதுவாக. கரையில் ஒரு மரப் பெஞ்சு. நீங்களும் பார்த்திருப்பீர்கள், இந்த ஊரில் பெஞ்சுக்கெல்லாம் செத்துப்போனவர் பெயரைத் தகட்டில் அடித்து வைப்பார்கள். இதில், 'நார்மன் பட்டர்வொர்த், 1944 – 2021, இங்கே உட்கார்ந்திருப்பது அவருக்குப் பிடிக்கும்' என்று இருந்தது.

நான் அதில் மூன்று வாரம் உட்காரவில்லை அக்கா. கரையில் கல் இருந்தது, அதில் உட்கார்ந்தேன். ஜனவரி மாதம். கல் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். என் நினைப்பு, அந்த மனிதரை அங்கேதான் அடக்கம் செய்திருக்கிறார்கள் என்பது. எங்கள் ஊர்ப்பக்கம் தோட்டத்தில் சமாதி மேடை இருக்கும். அதன்மேல் ஆடு ஏறினால்கூடக் கல்லெறிந்து விரட்டுவார்கள். அங்கே போய் டப்பாவைத் திறந்து சாப்பிட யாருக்கு மனம் வரும்?

பவானி அக்காவிடம் கேட்டேன். சிரித்துச் சிரித்து விரிப்பைக் கோணலாக விட்டுவிட்டார். "உதுக்குள்ள ஒருத்தரும் இல்லை பிள்ளை. வெறும் பலகை. வீட்டுக்காரர் காசு கட்டி வைக்கிறது. நீ போய் இரு. செத்தவர் எழும்பச் சொல்லமாட்டார்."

பிறகு உட்கார்ந்தேன். ஓரமாக. முதுகு தகட்டில் படாமல். ஆனாலும் ஒரு ஆள் இருக்கிற மாதிரியே இருந்தது. ஒருவர் முன்னால் அவருக்கு ஒரு வாய் கொடுக்காமல் சாப்பிடக்கூடாது என்று வளர்ந்தவள் நான். இப்போது நீங்கள்கூடக் கொடுத்தீர்கள். அதனால் தினமும் முதல் பிஸ்கட்டை அவர் பக்கம் வைத்துவிடுவேன். ஐந்து நிமிடத்தில் வாத்து வந்து தின்றுவிட்டுப் போகும். அது அவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது என் கவலை இல்லை. வைத்தோமா, வைத்தோம்.

ரோஜா வந்தது ஏப்ரலில்தான்.

ஏப்ரலிலிருந்து இங்கே கல்யாணங்கள் ஆரம்பிக்கும். சனி ஞாயிறு கல்யாணம் நடந்த ஓட்டல்களின் மேசை விரிப்பெல்லாம் திங்கட்கிழமை எங்களிடம் வரும். அன்று காலையில் எல்லோருமாக அழுக்கு மூட்டை பிரிப்போம். உள்ளே என்னென்னவோ இருக்கும். கரண்டி, மெழுகுவர்த்தி, ஒரு தடவை பல்செட். அப்புறம் கல்யாணக்காரர்கள் கோட்டில் குத்திக்கொள்கிற ஒற்றை ரோஜா. தண்டில் பச்சை நாடா சுற்றி, முத்து வைத்த குண்டூசியோடு. குப்பையில் போட மனம் வரவில்லை. நல்ல பூ. இடைவேளைக்குப் போகும்போது எடுத்துக்கொண்டு போய், தகட்டுக்கு மேலே பலகை இடுக்கில் செருகினேன். பார்க்க நன்றாக இருந்தது. ஒரு போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். "யாருடி அது நார்மன்?" என்று கேட்டாள். தெரியாதும்மா என்றேன். "தெரியாதவனுக்கு எதுக்குடி பூ?" என்றாள். அப்புறம் அவளே, "சரி விடு. யாரு பெத்த பிள்ளையோ. வை" என்றாள்.

திங்கட்கிழமை தோறும் வைத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

மே மாதம் ஒரு புதன்கிழமை, வெயில் அடித்தது. நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு வயதான வெள்ளைக்கார அம்மா கைத்தடி ஊன்றி வந்து பெஞ்சு முன்னால் நின்றார். தகட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்துவிட்டது, உரிமைப்பட்டவர் வந்துவிட்டார். டப்பாவை மூடிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

"உட்காரு லவ்" என்றார். இந்தப் பக்கத்தில் யாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், நம் ஊரில் கண்ணு என்கிற மாதிரி. "நாலு பேர் உட்காருறதுக்குத்தானே போட்டது. நீ எழுந்து போனா அவருக்குப் பிடிக்காது."

பெயர் டோரீன். நார்மனின் மனைவி. எழுபத்தாறு வயது. குளிர்காலம் முழுக்க முழங்கால் வலி, வெயில் வந்தால்தான் வெளியே வருவாராம். பேர் சொல்லியே கூப்பிடு என்றார். பாட்டி வயசு, எப்படிக் கூப்பிடுவது? மேடம் என்றேன். "மேடம் எல்லாம் ராணிக்கு" என்றார். கடைசிவரை எதுவும் சொல்லிக் கூப்பிடவே இல்லை. நல்லவேளை, இங்கிலீஷில் 'யூ' போதும்.

அதற்குப் பிறகு புதன்கிழமை தோறும் வருவார். அவருடைய புதன்கிழமையைக் கேளுங்கள். ஒன்பதரைக்கு மேல்தான் முதியோருக்குப் பஸ் இலவசம், அதனால் ஒன்பது முப்பத்தைந்து பஸ். சந்தையில் ஒரு முட்டைக்கோஸ், இரண்டு கேரட். பழைய சாமான் விற்கிற தருமக் கடையில் ஒரு சுற்று, வாங்கமாட்டார், தொட்டுப் பார்ப்பார். பிறகு இங்கே. பையிலிருந்து ஃபிளாஸ்க் வரும். தனி பாட்டிலில் பால் வரும். தேநீரை ஊற்றிவிட்டு அது சரியான நிறத்துக்கு வருகிறதா என்று பார்ப்பார், ஏதோ தங்கத்தை உரசிப் பார்க்கிற மாதிரி. அப்புறம் செருப்பைக் கழற்றி, காலைப் புல்லில் வைத்து, கண்ணை மூடி முகத்தை வெயிலுக்குக் காட்டுவார். "இதுக்கு மேல என்ன வேணும் சொல்லு" என்பார்.

எனக்கு வேண்டியது நிறைய இருந்தது. இவ்வளவு தூரம் கடல் தாண்டி வந்து பார்த்தால், இந்த ஊர்க்காரர்கள் ஆசைப்படுவது ஒரு தேநீரும் பத்து நிமிட வெயிலும்தான். அதற்கு நான் கோவில்பட்டியிலேயே இருந்திருக்கலாம், அங்கே வெயிலுக்கா பஞ்சம்? இப்படித்தான் எனக்குத் தோன்றும்.

ஆனால் ஒன்று. புதன்கிழமை மட்டும் கை வலிக்காது. ஏன் என்று தெரியவில்லை. வெயிலாக இருக்கும்.

நட்பு, அது இது என்றெல்லாம் நினைக்காதீர்கள். பெரிதாக ஒன்றும் பேசமாட்டோம். அவர் செய்தித்தாளில் வருகிற குறுக்கெழுத்துப் புதிரை எடுத்து, "ஏழு எழுத்து, நதி" என்பார். எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. விட்டுவிடுவோம். ஒரு நாள் என் எலுமிச்சைச் சாதத்தில் ஒரு ஸ்பூன் எடுத்துத் தின்றுவிட்டு ஐந்து நிமிடம் இருமினார். "அருமை" என்றார். அடுத்த வாரமும் கேட்டு வாங்கித் தின்றார், இருமினார்.

ஜூன் மாதம்தான் கேட்டார். கைப்பையிலிருந்து ஒரு சின்னத் தகர டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினார். உள்ளே நாலு குண்டூசி. முத்து வைத்தது.

"வாரா வாரம் இங்கே ஒரு ரோஜா இருக்கு. நான் வரும்போது வாடியிருக்கும். பூவை எறிஞ்சிட்டு ஊசியை வச்சிருக்கேன். நீ தினமும் வர்றியே லவ், யாராவது வச்சதைப் பார்த்தியா?"

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும் அக்கா. எங்கள் ஆலையில் ஒரு விதி உண்டு. விரிப்புக்குள் எது கிடைத்தாலும் மேற்பார்வையாளரிடம் கொடுக்க வேண்டும், எதுவாக இருந்தாலும். போன குளிர்காலத்தில் ஒரு கம்மலை எடுத்து வைத்துக்கொண்டாள் என்று ஒரு பெண்ணை அன்றைக்கே வெளியே அனுப்பினார்கள். பூவுக்கு அனுப்புவார்களா என்று நீங்கள் கேட்கலாம். விதியில் பூ தவிர என்று எழுதவில்லையே. அந்த ஊசியும் முத்தோடு இருந்தது. நிஜ முத்தா, பிளாஸ்டிக்கா, எனக்கு என்ன தெரியும்? வேலை போனால் வேறு வேலை தேடலாம். திருட்டு என்று பெயர் வந்தால்? விசா விண்ணப்பத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. டோரீன் அம்மா யாரிடமாவது பேச்சுவாக்கில் சொல்லிவிட்டால்?

அதனால், "நான் யாரையும் பார்க்கவில்லை" என்றேன்.

அது பொய் இல்லை. நான் யாரையும் பார்க்கவில்லைதானே. நம்மை நாமே பார்க்க முடியுமா?

அவர் டப்பாவை மூடினார். "நார்மன் பஸ் டிரைவர். ஞாயித்துக்கிழமை வண்டி ஓட்டுவார், திங்கட்கிழமை லீவு. திங்கட்கிழமை தூண்டிலை எடுத்துக்கிட்டு இங்கே வந்துடுவார். தனியா. நாப்பது வருஷம். மழை பெய்தாலும்" என்றார்.

"மீன் கிடைக்குமா?" என்று கேட்டேன். பேச்சு மாறட்டும் என்றுதான்.

"இங்கே பிடிக்கிற மீனைத் திரும்பத் தண்ணியிலேயே விட்டுடணும் லவ். அதனால நான் ஒரு மீனைக்கூடப் பார்த்ததில்லை" என்றார்.

அப்போதுதான் அவர் மனதில் என்ன ஓடுகிறது என்று எனக்குப் புரிந்தது. அந்தத் திங்கட்கிழமைகளில் நார்மனுக்கு இங்கே ஒரு பெண் இருந்திருக்கிறாள், அவள்தான் பூ வைக்கிறாள் என்று நினைக்கிறார். பவானி அக்காவிடம் சொன்னேன். "உனக்கென்ன விசரே? நாளைக்கே சொல்லு, நான்தான் வச்சனான் எண்டு. அந்த மனுசி சிரிச்சிட்டுப் போயிடும்" என்றார். இப்போது சொன்னால், அன்றைக்கு ஏன் பார்க்கவில்லை என்றாய் என்று கேட்பாரே என்றேன். "கேட்டா வாங்கிக் கட்டு" என்றார். அவருக்கென்ன, பிரிட்டிஷ் பாஸ்போர்ட்.

சொல்வதற்குப் பதிலாக, பூ வைப்பதை நிறுத்தினேன். நிறுத்திவிட்டால் மறந்துவிடுவார் என்று நினைத்தேன். அதுதான் தப்பாகப் போனது. ஏனென்றால் அதே வாரத்தில் அவர் திங்கட்கிழமையும் வர ஆரம்பித்திருந்தார். காலை ஒன்பதே முக்காலிலிருந்து கரையில் இருந்த ஒரு மரத்தடியில், கைத்தடியோடு, ஒளிந்து நிற்கிற மாதிரி. அந்தச் சின்ன மரம் அவரை எங்கே மறைக்கும்? அன்றைக்குப் பார்த்து ரோஜா வரவில்லை. அடுத்த திங்களும் வரவில்லை.

"என்னைப் பார்த்துட்டா. பார்த்துட்டு ஒதுங்கிட்டா" என்றார். முகம் கல் மாதிரி இருந்தது. அன்று தேநீரின் நிறத்தைக்கூட அவர் பார்க்கவில்லை.

நானும் பூ வைக்காமல் இருந்தேன். மூன்றாவது வாரம், நாலாவது வாரம். கோபமாகவே இருப்பார் என்று நினைத்தேன். ஐந்தாவது வாரம் வேறு மாதிரிப் பேசினார்.

"அவளுக்கு உடம்புக்கு முடியலையோ என்னவோ. என் வயசுதான் இருக்கும். விழுந்துகிழுந்து இருந்தா யாரு பார்ப்பா? அவளுக்கு நார்மன் செத்ததுக்கு யாரும் ஒரு ஆறுதல் கார்டுகூட அனுப்பியிருக்க மாட்டாங்க. எனக்கு நாப்பத்திமூணு கார்டு வந்தது."

என் வாயில் பிஸ்கட் இருந்தது.

அப்புறம்தான் அதைக் கேட்டார். கைவிரல் மூட்டெல்லாம் வீங்கி இருக்கும் அவருக்கு, எழுத வராது. "நீ படிச்ச பொண்ணு. ஒரு சீட்டு எழுதிக் கொடு லவ். பெரிய எழுத்தில், அழகா." அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 'ரோஜா கொண்டுவரும் அம்மையாருக்கு. நான் நார்மனின் மனைவி. எனக்குக் கோபம் இல்லை. புதன்கிழமை பதினோரு மணிக்கு வந்தால் தேநீர் குடிக்கலாம். டோரீன்.' வீட்டுக்குப் போய் மூன்று தடவை திருத்தி எழுதினேன். ஒரு காற்புள்ளி சந்தேகமாக இருந்தது, அதைச் சரிபார்த்தேன். மறுநாள் பிளாஸ்டிக் உறையில் போட்டு, நானேதான் தகட்டுக்குப் பக்கத்தில் ஒட்டினேன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். பவானி அக்காவும் சிரித்தார். எனக்கு நானே கடிதம் எழுதி எனக்கு நானே ஒட்டிக்கொண்டவள் உலகத்தில் நான் ஒருத்திதான் என்றார்.

அதற்குப் பிறகு டோரீன் அம்மா ஒரு கோப்பை அதிகமாகக் கொண்டுவந்தார். வீட்டில் இருக்கிற நல்ல கோப்பை, பூப் போட்டது, துண்டில் சுற்றி. ஊற்றி வைப்பார். நாங்கள் இரண்டு பேரும் கால்வாய்க் கரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். யாராவது வயதான பெண் நாயோடு வந்தால் அவர் முதுகை நிமிர்த்துவார், தலைமுடியைச் சரிசெய்வார். அந்தப் பெண் குட் மார்னிங் சொல்லிவிட்டுப் போய்விடும். இருபது நிமிடம் ஆனதும், "ஆறிப்போகும் லவ், நீயே குடிச்சிடு" என்பார். குடிப்பேன். வருகிற ஆளுக்கு என்று இரண்டு சர்க்கரை போட்டிருப்பார். எனக்குப் பிடித்த மாதிரியே இருக்கும்.

இப்படி இரண்டு புதன்கிழமை.

அந்த நேரத்தில்தான் பிரிஸ்டலில் வேலை கிடைத்தது. ஆறு மாத ஒப்பந்தம், கணினியில் எண்களைச் சரிபார்க்கிற வேலை. நல்ல வேலைதான் என்று நினைக்கிறேன், டோரீன் அம்மாவிடமும் சொல்லியிருந்தேன். சலவை ஆலையிலிருந்து நன்னடத்தைக் கடிதமும் கைக்கு வந்துவிட்டது. அது வந்த அன்றைக்கு என் மனசாட்சி என்னைத் தூங்கவிடவில்லை. அந்த அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானித்தேன். மனசாட்சிதான் அக்கா, வேறு எதுவும் இல்லை. ஆறு வாக்கியம் போனில் எழுதி வைத்துக்கொண்டேன். தடுமாறக் கூடாதே.

புதன்கிழமை. வெயில். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். மூன்று கோப்பையிலும் தேநீர். நான் ஆறு வாக்கியத்தையும் சொன்னேன். ரோஜா வைத்தது நான். ஓட்டல் விரிப்பில் கிடைத்தது. வேறு எந்தப் பெண்ணும் இல்லை. உங்கள் கணவர் தப்பே செய்யவில்லை. அன்றைக்குச் சொல்லாததற்கு மன்னிக்க வேண்டும். உங்களுக்கு நிம்மதி கிடைக்கட்டும் என்று இப்போது சொல்கிறேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"தெரியாத ஆளுக்கு நீ எதுக்குப் பூ வச்சே?"

"அவர் முன்னால் சாப்பிட்டேன். அதனால்" என்றேன். அதற்கு மேல் எனக்கு இங்கிலீஷில் வரவில்லை.

அவர் தலையை ஆட்டினார். பிறகு மெதுவாகச் சொன்னார். "நாப்பது வருஷத் திங்கட்கிழமை. முதல் ரெண்டு வாரம் எரிஞ்சுது. அப்புறம் யோசிச்சேன். யாரோ ஒருத்தி இருந்தா, அவளைப் பார்க்க வந்தார்னு ஆகும். யாருமே இல்லைன்னா, என்னைப் பார்க்காம இருக்க வந்தார்னு ஆகும். மழையில்கூட. எது தேவலைன்னு நினைக்கிறே?"

அது என்னிடம் கேட்ட கேள்வியா என்றுகூடத் தெரியவில்லை.

என் கையைத் தட்டிக் கொடுத்தார். "நீ இப்போ சொன்னது எதுவும் என் காதில் விழலை. சரியா லவ்?"

காதில் விழவில்லை என்கிறாரே. வயதானவர்தானே. அதனால் நான் இன்னும் கொஞ்சம் சத்தமாக முதலிலிருந்து சொன்னேன். நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக. அவர் கண்ணை மூடிக்கொண்டார். நம்பவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, போனில் அந்தப் போட்டோவைத் தேடி எடுத்து முகத்துக்கு நேராகக் காட்டினேன். அம்மாவுக்கு அனுப்பிய போட்டோ. தேதிகூட இருந்தது, ஏப்ரல் பதினைந்து. இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

பார்த்தார். "நல்லா எடுத்திருக்கே" என்றார்.

எழுந்து ஃபிளாஸ்க் மூடியைத் திருகினார். பூப் போட்ட கோப்பையில் இருந்த தேநீரைப் புல்லில் ஊற்றினார். துண்டில் சுற்றினார். தகட்டுப் பக்கத்தில் ஒட்டியிருந்த சீட்டை உரித்து நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். செருப்பு மாட்ட நேரமானது, நான் குனிந்து மாட்டிவிடப் போனேன், வேண்டாம் என்றார். "பிரிஸ்டல்ல குளிர் கம்மி. நல்லா இரு" என்றார். நடந்து போனார்.

அடுத்த புதன்கிழமை வரவில்லை. மழை, அதனால் என்று நினைத்தேன். அதற்கடுத்த புதன் நல்ல வெயில். அதற்கும் வரவில்லை. ஒன்பது முப்பத்தைந்து பஸ்ஸிலிருந்து இறங்கி எங்கே போகிறாரோ.

பவானி அக்கா என்ன சொன்னார் தெரியுமா? "நீ சொல்லுறதெண்டா முதல் நாளே சொல்லியிருக்கோணும். இல்லாட்டிச் சொல்லாமலே விட்டிருக்கோணும். உனக்குப் பாரம் குறையவேணும் எண்டு கொண்டுபோய் அந்த மனுசியின்ர மடியில இறக்கிப்போட்டாய்." விரிப்பின் அந்த முனையிலிருந்து சொல்கிறார், உருளைச் சத்தத்துக்கு மேல். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. நான் மூலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நேராகத்தான் விட்டேன், கோணவில்லை.

இது நியாயமா அக்கா? முதலில் சொல் என்று அவசரப்படுத்தினதும் அவர்தான். சொன்ன பிறகு ஏன் சொன்னாய் என்கிறதும் அவர்தான். அந்த அம்மாவின் கணவர்மேல் விழுந்த பழியை நான் துடைத்திருக்கிறேன். ஒரு மனிதர், செத்துப்போனவர், ஒரு தப்பும் செய்யாதவர். அவர் பெயர் கெடாமல் காப்பாற்றியிருக்கிறேன். அதற்கு ஒரு நன்றி வேண்டாம். வந்து உட்கார்ந்து ஒரு தேநீர் குடித்திருக்கலாம். பேசக்கூட வேண்டாம். அந்த ஏழு எழுத்து நதியைக் கேட்டிருந்தால் தேடியாவது வைத்திருப்பேன்.

டப்பாவை அப்படியே மடியில் வைத்திருக்கிறீர்கள். சாப்பிடுங்கள், ஆறிவிட்டது.

பிரிஸ்டல் வேலை திங்கட்கிழமைதான் ஆரம்பம். இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. ஆலைக் கணக்கை நேற்றே முடித்துவிட்டேன். அறையை ஞாயிற்றுக்கிழமை காலி செய்தால் போதும். "இண்டைக்கு வெயில் அடிக்குது, புதன்கிழமை வேற. பதினொரு மணிக்கு ஒருக்காப் போய் இருந்து பாக்காமல் ஏன் பிள்ளை பத்தரை பஸ்ஸுக்கு ஓடுறாய்?" என்று பவானி அக்கா காலையில் போனில் கேட்டார்.

புதன்கிழமை டிக்கெட் விலை குறைவு என்றேன்.

அது பொய் இல்லை அக்கா. நிஜமாகவே குறைவுதான். நீங்களே பாருங்கள், இதோ டிக்கெட்.